பள்ளிக்கூடத்து உலை

திண்ணைப் பள்ளிக்கூடங்கள் பாண்டிநாட்டுக் கிராமங்களில் நடைபெற்றுவந்த காலத்தில், அரிசி பிள்ளையின் வீட்டிலிருந்து வாத்தியார் வீட்டுக்குப் போயிற்று. ஒரு கையில் ஓலைச்சுவடியும் மறு கையில் துணிமுடிச்சிட்ட அரிசியோ அவரைக்காயோ நாலு விறகுக் குச்சியோ ஏந்திவந்த பையனைப் பார்த்து, நீ காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கும் வழக்கம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இருந்ததில்லை. கேட்கவேண்டிய அவசியமும் அதிகம் இராது, ஏனெனில் ஒன்றுமில்லை என்று பதில் சொல்லக்கூடிய வீட்டுப் பிள்ளைகளை அந்தத் திண்ணை பெரும்பாலும் தன்மேல் ஏற்றியதே இல்லை. அரிசி போன அந்தத் திசை மாறி, பள்ளிக்கூடம் பிள்ளைக்குச் சோறிடும் காலம் வருவதற்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. சட்டசபையில் ஒரு நாள் நிறைவேறிய தீர்மானத்தால் விளைந்ததன்று அந்த மாற்றம். பஞ்சத்தாலும் தர்மத்தாலும் வைத்தியத்தாலும் அரசியலாலும் சிறுகச் சிறுக நேர்ந்தது. மதுரைச் சீமையில் சிறு குழந்தைகளின் தேகாரோக்கியத்தை உத்தேசித்துச் செய்யப்பட்ட பிரயத்தனங்களை வரிசையாக நோக்குகிறவர், கண்ணைக் காக்கப் புறப்பட்டவர்களும் எடையைக் கூட்டப் புறப்பட்டவர்களும் வகுப்பறையை நிரப்பப் புறப்பட்டவர்களும் கடைசியில் அடுப்படிக்கே வந்து சேர்ந்ததைக் காண்பார்.

மதுரை என்றதும் வைகையும் அதன் கரையிலுள்ள தென்னந்தோப்புகளும் நினைவுக்கு வருவது இயல்பேயாயினும், அந்தப் பசுமை ஆற்றை விட்டு விலகிச் செல்லச் செல்ல விரைவில் தீர்ந்துபோகிறது. 1895-இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வைகையில் வந்து விழுந்தபின் மேலூர்ப் பக்கத்துப் புன்செய்கள் நன்செய்களாயின. ஆனால் மேற்கே உசிலம்பட்டியும், தெற்கே திருமங்கலமும் பேரையூரும், அவற்றுக்கப்பால் விருதுநகர் வரை விரியும் கரிசலும் வானத்தைப் பார்த்தே இருந்தன. இங்கே பத்து வயதுப் பையன் என்பவன் குடும்பத்தின் வரவு செலவில் ஒரு வரவு. ஆடு மேய்ப்பான், பருத்தி எடுப்பான், தாய் களைக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வாள் அவன் தமக்கை. காலையில் சோளக்கஞ்சியோ கம்பங்கூழோ குடித்துப் புறப்பட்டால் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் மறுபடி சட்டியைக் காண்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளை கூலி கொண்டுவருவதில்லை என்பதோடு, மேய்ச்சல் காட்டில் கிடைக்கும் இலந்தையும் கள்ளிப்பழமுங்கூட அதற்கு இல்லை. வித்தியாதானத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தவர்களில் பலர் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லிவந்த 1876 முதல் 1878 வரையிலான கொடுங்காலம், பசித்த குழந்தைக்கு வீட்டுக்கு வெளியே சோறு கிடைக்கும் என்பதை இந்த ஜில்லாவுக்குக் காட்டிற்று. ஆனால் அதைக் காட்டியது கஞ்சித்தொட்டி. 1834 முதல் மதுரையில் ஊன்றியிருந்த அமெரிக்க மிஷனாரின் பள்ளிகளிலும் விடுதிகளிலும் அக்காலத்தில் குழந்தைகள் வந்து சேர்ந்ததற்குக் கல்வியில் பிறந்த ஆசை மாத்திரம் காரணமன்று. தானியம் மலிந்ததும் தொட்டிகள் மூடப்பட்டன. பஞ்சமில்லாத வருஷத்தில் ஒரு பிள்ளை மத்தியானத்தில் பட்டினி கிடப்பது சர்க்கார் கவனிக்கவேண்டிய சங்கதி என்ற எண்ணம் அன்றைய அதிகாரிகளுக்கு உண்டாகவில்லை.

சர்க்காருக்குத் தோன்றாதது, ஜாதிப் பொதுநிதிகளுக்குச் சற்று முன்னதாகவே தோன்றியது. அந்நாளில் விருதுபட்டி என்று வழங்கிய விருதுநகரில் நாடார் சமூகத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் க்ஷத்திரிய வித்தியாசாலையை ஏற்படுத்தியபோது, கடைவீதியிலிருந்து, வியாபாரிகள் பொதுக்காரியத்துக்கென்று ஒதுக்கும் மகமைப் பணம் வந்தது. அதனினும் விசேஷமாக, வீட்டுப் பெண்கள் அன்றாடம் உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்தனர். வாரந்தோறும் ஆட்கள் வந்து அந்தக் கலயங்களைக் கவிழ்த்துச் சாக்கில் நிரப்பி எடுத்துப்போய் விற்றுப் பள்ளிக்கூடச் செலவுக்குச் சேர்த்தார்கள். பிடியரிசி என்று அதற்குப் பெயர். வசூல்காரர் கணக்கில் பெயர் இல்லாத ஏழை விதவையும் அந்தப் பள்ளிக்கு ஒரு பங்காளியாக இருக்கலாம் என்பது இந்த ஏற்பாட்டின் சூட்சுமம். கையளவு அரிசி குறைந்ததால் எந்த வீட்டிலும் ஒரு வயிறு வாடாது என்று கணக்கிட்டவர்கள், ஊர் முழுவதும் சேர்ந்தால் அது ஒரு பள்ளியைத் தாங்கும் என்பதையும் கணக்கிட்டிருந்தார்கள். அந்த அரிசியால் நடந்த பள்ளியில் படித்து, தகப்பனாரை இழந்த வறுமையால் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பையன்தான், நெடுநாள் கழித்துத் தமிழ்நாட்டின் முதலமைச்சர் ஆனான். மதுரை நகருக்குள்ளும் இத்தகைய பொதுநிதி இல்லாமற் போகவில்லை: நெசவுத் தொழிலிலே பெயர்பெற்ற சௌராஷ்டிர சமூகத்தார் தம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியான போஜனம் இட்ட வழக்கத்தை எல். கே. துளசிராம் என்பவரின் பெயரோடு சேர்த்து இன்றும் அபிமானத்துடன் பேசுகிறார்கள்.

இவையெல்லாம் போற்றத்தக்கவையே. ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை: பிடியரிசி போடும் சமூகத்தின் பிள்ளைக்கே அந்தப் பள்ளி முதலில் உரியது. கடைவீதியும் மகமையும் இல்லாத ஜாதியார் எந்தக் கலயத்தை வைப்பார்கள்? உசிலம்பட்டிப் பக்கத்துக் கள்ளர் நாட்டில் பள்ளிக்கூடம் வந்தது வேறு வழியால். கைரேகையைப் பதியச் செய்ததால் ரேகைச் சட்டம் என்று ஜனங்கள் வெறுத்துப் பேசிய குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானவர்களின் ரத்தம் உலர்ந்த பிற்பாடு, சீர்திருத்தம் என்ற பெயரில் சர்க்கார் திறந்த பள்ளிகள் அவை. கைரேகை வைத்தவன் பிள்ளைக்குச் சிலேட்டும் கிடைத்தது என்பது சரித்திரத்தின் விநோதங்களுள் ஒன்று. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்ற பெயருடன் அவை மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்னும் நடக்கின்றன.

அதே 1920-ஆம் ஆண்டு செப்டம்பரில், சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராய செட்டியாரின் முயற்சியால், ஆயிரம்விளக்குப் பள்ளியின் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி அளிப்பதென்று தீர்மானம் நிறைவேறிற்று. பிற்பாடு மேலும் நான்கு பள்ளிகள் சேர்ந்தன. 1922-23-இல் 811 ஆக இருந்த அந்த ஐந்து பள்ளிகளின் பிள்ளைத்தொகை 1924-25-இல் 1,671 ஆக உயர்ந்தது. இரண்டு வருஷத்தில் இரட்டிப்பாகிய ஒரு காரியத்தை எந்த வியாபாரியும் கைவிடமாட்டான். ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்க அனுமதியில்லை என்று மேலிடத்தார் ஆட்சேபித்ததால் 1925 ஏப்ரலில் அது நின்றது. கல்விக்கென்று ஒதுக்கிய பணம் வயிற்றுக்குப் போகலாகாது என்ற அந்த ஆட்சேபம், வயிற்றைக் கல்வியின் அங்கமாகக் கருதாத ஒரு காலத்தின் மனப்பான்மையைக் காட்டுகிறதேயன்றி, எந்தத் தனிமனிதரின் கொடுமையையும் காட்டுவதாக நான் நினைக்கவில்லை.

பிடியரிசிப் பள்ளியில் படித்த அந்த விருதுநகர்ப் பையனாகிய காமராஜர் 1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். ஊர்ப் பயணத்தில் அவர் ஆடு மேய்க்கும் சிறுவனை வழிமறித்துப் பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்டதாகவும், போனால் சோறு யார் போடுவார் என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. அது நடந்த இடத்தை ஒருவர் சேரன்மாதேவி ரயில்வே கேட் என்பார், மற்றொருவர் வேறோர் ஊர் என்பார். இடம் எதுவாயினும், அந்தப் பதிலைச் சொல்லக்கூடிய பையன் இந்தக் கரிசலில் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தார்கள் என்பதனால் கதை எங்கும் பொருந்திவிடுகிறது. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு என்ற பெருமுயற்சியாளர் அவருக்கு வாய்த்தார். முதலில் பொதுஜனங்களின் நன்கொடையைக் கொண்டே காரியத்தைத் தொடங்குவது, சர்க்கார் பணம் பின்னால் வரட்டும் என்று அவர்கள் துணிந்தது பிடியரிசி கண்ட ஊர்க்காரருக்கு இயல்பான துணிவுதான். 1956-இல், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில், இலவச மதிய உணவு முறைப்படி ஆரம்பமாயிற்று.

சர்க்கார் மானியம் வந்தபின் கணக்கு இவ்வாறு நின்றது: ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு, அதில் ஆறு காசு சர்க்காரது, நாலு காசு ஊராரது, வருஷத்தில் இருநூறு நாள். சோறு, சாம்பார், சில நாள் மோர், ஊறுகாய். தொடக்கத்தில் சுமார் 8,000 பள்ளிகளில் இரண்டு லட்சம் பிள்ளைகள் இப்படி உண்டார்கள். இந்த நாலு காசில்தான் திட்டத்தின் அழகும் இருந்தது, அபாயமும் இருந்தது. அறுவடை முடிந்த தை மாசத்தில் களத்திலேயே நெல்லை அளந்து கொடுத்த மிராசுதார், மழை பொய்த்த வருஷத்தில் தலைமையாசிரியரைக் கண்டதும் வேறு சந்தில் திரும்பிவிடுவார். அப்போது பள்ளி ஆசிரியர், போதிக்கிற தொழிலோடு யாசிக்கிற தொழிலையும் மேற்கொண்டு, சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகவேண்டியிருக்கும். 1958 முதல் ஊர்கள்தோறும் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், இன்னார் ஒரு கடிகாரம், இன்னார் ஆறு பெஞ்சு, இன்னார் இருபது பிள்ளைகளுக்குச் சீருடை என்று ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டபோது மேடையில் அமர்ந்திருந்த தனவந்தர்கள் அடைந்த பூரிப்பை நாம் பரிகசிக்க வேண்டியதில்லை; அந்தப் பூரிப்பு எத்தனையோ பள்ளிகளுக்குக் கூரை போட்டிருக்கிறது. ஆனால் பூரிப்பைப் பட்ஜெட்டில் எழுத முடியாது.

1961-இல் அமெரிக்கர்களின் கேர் ஸ்தாபனம் உதவிக்கு வந்தது. பால் பவுடரும் மக்காச்சோள மாவும் கோதுமை ரவையும் எண்ணெய் டின்களும் கப்பலில் வந்திறங்கின. அந்தத் தலைமுறையில் படித்தவர்கள் இன்றைக்கும் மஞ்சள் நிற மாவு உப்புமாவின் வாசனையைப் பற்றி, ஆசையும் அருவருப்பும் கலந்த குரலில் பேசக் கேட்கலாம். 1967-க்குப் பின் மையச் சமையற்கூடங்கள் ஏற்பட்டன. சோறு வந்தது உண்மை. ஆனால் அது எங்கே வெந்தது, யார் கிண்டினார் என்பது பிள்ளைக்கும் தாய்க்கும் தெரியாமற்போனதும் உண்மை.

இதற்கிடையில் மதுரை நகரத்தில், கல்வி இலாகாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில், இந்தச் சரித்திரத்தின் மிக முக்கியமான பாடம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. வைகைக்கு வடகரையில், பெரியாஸ்பத்திரி என்று ஜனங்கள் சொல்லும், அப்போதைய எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில், கண் வைத்தியப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரத்தில் 1918-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்னும் அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகியவர். அவருடைய பகுதிக்குக் கிராமத்துத் தாய்மார் கொண்டுவந்த குழந்தைகளில் ஒரு வகை உண்டு. இரண்டு மூன்று வயது இருக்கும், இடுப்பில் தொங்கும், வெளிச்சம் பட்டால் முகத்தைத் தாயின் தோளில் புதைத்துக்கொள்ளும். விலக்கிப் பார்த்தால் வெள்ளைவிழி பளபளப்பிழந்து வறண்டிருக்கும், அல்லது கருவிழியே இளகிக் குழைந்திருக்கும். மாலைக்கண்ணில் ஆரம்பித்து, இருட்டியபின் தட்டில் உள்ள சோற்றைத் தடவித் தேடும் நிலையைத் தாண்டி, மணல்வாரி அம்மையோ கடும் பேதியோ வந்து போனதும் சில நாளிலேயே கண்ணில் பூ விழுந்துவிடும். அம்மைக்குப் பத்தியம் என்று எண்ணெயையும் மீனையும் முட்டையையும் நிறுத்தி, வெறுங்கஞ்சியைக் கொடுத்து, வேப்பிலையால் விசிறிய தாய், தான் குழந்தையின் கண்ணை எடுக்கும் காரியத்தைச் செய்கிறோம் என்று எப்படி அறிவாள்? வைட்டமின் ஏ என்ற ஒரு சத்து குறைந்ததே மூல காரணம். அந்தச் சத்து முருங்கைமரத்தில் இருந்தது, அகத்தியில் இருந்தது, வீட்டுக்குப் பின்புறத்தில் ஆடு கடித்துக்கொண்டிருந்தது.

கத்தியால் இந்தக் குருட்டைத் தீர்க்க முடியாது என்று கண்ட வெங்கடசாமி, சர் ஜான் வில்சன் நிறுவிய ராயல் காமன்வெல்த் பார்வையற்றோர் சங்கத்தின் உதவியோடும், ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த உயிர்வேதியியல் அறிஞர் அன்டோனெட் பிரியின் ஒத்துழைப்போடும், 1970-களின் முற்பகுதியில் மதுரையில் ஓர் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தை ஏற்படுத்தினார். ஆபத்தான நிலையில் வரும் குழந்தைக்கு மருந்து உடனே உண்டு. ஆனால் அந்த மையத்தின் ஜீவன் மருந்தில் இல்லை. தாயும் குழந்தையோடு அங்கேயே தங்கவேண்டும். தன் ஊரில் கிடைக்கும் தானியத்தையும் பருப்பையும் கீரையையும் கொண்டு, தன் வீட்டில் உள்ளது போன்ற அடுப்பில், அவளே சமைக்கவேண்டும், அவளே ஊட்டவேண்டும். கீரை பயிரிடும் தோட்டம் ஒன்றும் பாடத்தில் சேர்ந்தது. கீரை பேதியை உண்டாக்கும், சளி பிடிக்கும் என்று தயங்கியவள், சில வாரங்களில் தன் குழந்தை கண்ணைத் திறந்து நிமிர்ந்து பார்ப்பதைத் தானே கண்டு வீட்டுக்குத் திரும்புவாள். சுவரில் ஒட்டும் சித்திரப் படங்களாலும் சுகாதார வாரப் பிரசங்கங்களாலும் எவ்வளவோ ஆண்டுகளாகச் சொல்லியும் நுழையாத விஷயம், அவள் கையிலுள்ள அகப்பையின் வழியாக நுழைந்தது. 1976-இல் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று அவர் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உலகப் பிரசித்தி அடைந்துவிட்டபடியால், இந்தக் கீரைத் தோட்டம் பலருக்கு ஞாபகமில்லை. எனக்கோ அவர் செய்த எண்ணற்ற சிகிச்சைகளின் தொடக்கத்தில் இதை வைக்கத் தோன்றுகிறது. பிற்பாடு அந்த ஸ்தாபனத்தைச் சேர்ந்த லைலா ரஹ்மத்துல்லா முதலியோர் திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளிடம் வாரந்தோறும் மிகச் சிறிய அளவில் வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்து, மரணங்கள் 54 சதவிகிதம் குறைந்தன என்று 1990-இல் அறிவித்தபோது, கண்ணைப் பற்றிய விஷயம் உயிரைப் பற்றிய விஷயமாகவும் ஆயிற்று.

பள்ளிக்கு வரும் முன்பே பிள்ளையின் தேகம் பாதி தீர்மானமாகிவிடுகிறது என்பதை இவ்வாறு வைத்தியர்கள் உணர்த்திய சமயத்தில், 1980-இல், உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்திலே தொடங்கிற்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதம் ஒருமுறை எடைபோடுவார்கள். எடை ஏறாமல் நின்றவர்களுக்கு மட்டும் சத்துமாவு உருண்டை கொடுத்து, தேறியதும் நிறுத்துவார்கள். குழந்தையைத் தராசில் தொங்கவிட்டு இத்தனை என்று வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுப்போகும் என்று அஞ்சும் சீமையில், ஊர்ப் பெண் ஒருத்தியையே பணியாளாக அமர்த்தி இதைச் செய்வித்தது புத்திசாலித்தனம். நிபுணர்கள் இதை மிகவும் சிலாகித்தார்கள்: எவனுக்குத் தேவையோ அவனுக்கு மட்டும், எவ்வளவு நாள் தேவையோ அவ்வளவு நாள் மட்டும். கணக்குப்பிள்ளையின் மனசுக்கு இதைவிட நிறைவான திட்டம் கிடையாது.

அந்தக் கணக்கை இரண்டே வருஷத்தில் ஒருவர் புரட்டிவிட்டார். 1982 ஜூலை 1-ஆம் தேதி திருச்சிக்கு அருகில் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., அப்போது சட்டசபையில் மதுரை மேற்குத் தொகுதியின் பிரதிநிதி. மதுரைக்கும் அவர் பசிக்கும் உள்ள சம்பந்தம் அதனினும் பழையது. தகப்பனாரை இழந்து கும்பகோணத்தில் தாயோடு பட்டினி கிடந்த பாலகன், தமையனோடு போய்ச் சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுவில். 1918-இல் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் பால சபா ஒன்றை அமைத்த காலத்தையொட்டிப் பெருகிய அந்தப் பாய்ஸ் கம்பெனிகளுக்கு ஏழைத் தாய்மார் பிள்ளைகளை ஒப்படைத்ததற்கு, கலைமகளின் கடாட்சத்தைவிட வேளைக்குச் சோறு கிடைக்கும் என்ற நிச்சயமே பெரிய காரணம். பாட்டும் வசனமும் பாடமாக, சோறு சம்பளமாக நடந்த அந்தக் கம்பெனிகளை ஒரு வகை மதிய உணவுப் பள்ளிகள் என்றே சொல்லிவிடலாம். பசியை அனுபவத்தால் அறிந்த ஒருவரிடம் எடை குறைந்த குழந்தைக்கு மட்டும் உருண்டை என்று சொன்னால் அவர் கேட்பாரா? இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரை, கிராமத்துக் குழந்தைகள் அத்தனைபேருக்கும் என்றார். அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் நகரங்களுக்கும் என்றார். 1984-இல் பதினைந்து வயது வரை என்றார். கஜானா தாங்காது, ஓட்டுக்காகச் செய்கிறார் என்று பொருளாதார நிபுணர்களும் பத்திரிகைகளும் கண்டித்தன. ஓட்டு எண்ணம் இருந்திராது என்று நானும் வாதாடப் போவதில்லை. ஆனால் நாலு காசுக்காக வாத்தியார் வீதியில் அலைந்த காலம் அதோடு முடிந்தது. சோறு என்பது ஊர்ப் பெரியவரின் தாட்சண்யத்திலிருந்து நீங்கி அரசாங்கத்தின் கடமையாயிற்று. நன்கொடை முறையின் இனிமையை நான் அறிந்தவனாயினும், மழையையும் மனசையும் நம்பிய அந்த இனிமையைவிட இந்த வறட்டு நிச்சயமே குழந்தைக்கு ஏற்றது என்பதுதான் என் அபிப்பிராயம்.

அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மையத்துக்கு மூன்று பெண்கள். விதவைகளுக்கும் ஆதரவற்றோருக்கும் முன்னுரிமை தரப்பட்டதனால், புருஷன் போனபின் அண்ணன் வீட்டு அடுப்பங்கரையில் ஒண்டிக்கிடந்த எத்தனையோ பெண்கள் கிராமத்தில் முதல் தடவையாக, சொற்பமேயாயினும், சர்க்கார் பணம் வாங்கினார்கள். முறையான காலமுறை ஊதியம் கேட்டு அவர்கள் நடத்தும் போராட்டம் இன்றுவரை ஓயவில்லை என்பதையும் கூடவே எழுதவேண்டும். பதினோரு மணிக்கு உலை கொதிக்கும் சத்தம் ஒன்றாம் வகுப்புவரை கேட்கும்; பருப்பில் பெருங்காயம் விழுந்ததும் பாடம் தானாக நின்றுவிடும். மஞ்சள் பையிலிருந்து அலுமினியத் தட்டை எடுத்து, குழாயடியில் கழுவி, வரிசையில் உட்கார்ந்தபின், கை கழுவாதவனை ஆயா பெயர் சொல்லி எழுப்பி அனுப்புவாள். சோப்பு, நகம், தலைப்பேன், தண்ணீர்ப்பானையின் மூடி முதலிய பள்ளிச் சுகாதாரத்தின் பாதி அத்தியாயங்கள் இந்தப் பந்தியில்தான் நடைமுறைக்கு வந்தன. பிள்ளைகளுக்குப் பற்பொடி வழங்கியதும் அதே ஆட்சிதான்.

பிற்காலத்து வளர்ச்சிகளை விரித்துரைக்கத் தேவையில்லை. 1989-இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது, 2010-இல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. 1999-இல் வாழ்வொளித் திட்டமும் 2009-இல் கண்ணொளி காப்போம் திட்டமும் வைத்தியரைப் பள்ளிக்கு அழைத்துவந்தன. கரும்பலகை தெரியாததால் மக்கு என்று பெயரெடுத்த பிள்ளைகள் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். 2001 நவம்பரில் உச்சநீதிமன்றம், தேசமெங்கும் ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த உணவு அளிக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. 1925-இல் ஆட்சேபத்துக்குரியதாயிருந்த செலவு, முக்கால் நூற்றாண்டில் நீதிமன்றத்தின் கட்டளையாயிற்று.

மத்தியானப் பசி இவ்வாறு தீர, காலைப் பசி மிஞ்சியிருந்தது. சிம்மக்கல், யானைக்கல், நெல்பேட்டை என்று மதுரையின் சரக்கும் சந்தையும் குவியும் வட்டாரங்களில் விடியுமுன்பே தாய் தகப்பன் இருவரும் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளைக்குக் கடையில் வாங்கிய ஒரு வடையும் டீயும், அல்லது அதுவும் இல்லை. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வெயில் ஏறுமுன்பே மயங்கி விழும் பிள்ளைகளை ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் கண்டிருக்கிறார்கள். 2022 மே மாதம் சட்டசபையில் அறிவிக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, சிம்மக்கல்லை அடுத்த கீழ அண்ணாத்தோப்பில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கிற்று. நெல்பேட்டைச் சமையற்கூடத்திலிருந்து வண்டிகள் புறப்பட்டன; முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து உண்டார். முதற்கட்டமாக 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். மறு ஆண்டு ஆகஸ்டு 25-இல் திருக்குவளையில் விரிவாக்கப்பட்டபோது 31,008 பள்ளிகள். திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று தொடக்கத்தில் பட்டியல் ஓடிற்று. உப்புமாவோடும் பொங்கலோடும் காய்கறிச் சாம்பார்.

மதுரை முதலிய நகரங்களில் பெருங்கூடங்களிலிருந்து வண்டியில் போகும் இந்த உணவு, கிராமங்களில் பள்ளியிலேயே வேகிறது. அங்கே சமைப்பவர் மகளிர் சுய உதவிக்குழுவைச் சேர்ந்தவராயிருப்பதோடு, அவருடைய குழந்தை அதே பள்ளியில் படிக்கவேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதிய அதிகாரி யாராயினும் நான் வணங்குகிறேன். பெரியாஸ்பத்திரியின் கீரை அடுப்பில் விளைந்த ஞானம் இதிலே இருக்கிறது: தன் குழந்தை உண்ணப்போகும் சாம்பாரில் எந்தத் தாயும் வண்டு விழுந்த பருப்பைப் போடமாட்டாள், விடியற்காலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்துச் சாவி அவள் இடுப்பில் இருக்கிறது, பள்ளியின் தண்ணீர்த் தொட்டி பாசி பிடித்திருந்தால் தலைமையாசிரியரைக் கேட்கும் அதிகாரமும் சேர்ந்தே வருகிறது.

ஆனால் அதே விதியினால் தாயின் ஜாதியும் பள்ளிக்குள் வந்துவிட்டது. 2023-இல், எட்டயபுரத்துக்குச் சமீபத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில், சமைத்தவர் ஆதிதிராவிடப் பெண் என்பதனால் பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளைகளை அந்த உணவைத் தொடவொட்டாமல் தடுத்தார்கள். மாநிலத்தின் மதிய உணவு பிறந்த ஊருக்கு அருகில், அறுபத்தேழு வருஷத்துக்குப் பின்னால்! அமைச்சரும் எம்.பி.யும் அதிகாரிகளும் போய்க் குழந்தைகளோடு உட்கார்ந்து அந்தப் பெண் சமைத்ததை உண்டார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. சமைக்கும் தாயின் குழந்தை ஐந்தாம் வகுப்பை முடித்து வெளியேறும்போது அவருடைய முறையும் முடிகிறது. வேறொரு தாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது அமைச்சரும் படம் பிடிப்பவரும் அங்கே இருக்கமாட்டார்கள். தலைமையாசிரியரும், குழுப் பெண்களும், பிள்ளைகளைப் பெற்ற ஊராரும் மட்டுமே கூடியிருந்து அதை முடிவு செய்தாகவேண்டும்.